பாடு அடித்த பணம் எந்த வலைக்கு?

எதிர்பாராமல் கையில் ஒரு தொகை வந்து சேர்ந்தால் நகையா, நிலமா, வைப்புத்தொகையா என்று நகரத்து நடுத்தரக் குடும்பம் யோசிக்கும். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, லூப் சாலையை ஒட்டியிருக்கும் நொச்சிக்குப்பத்தில் அந்த யோசனை வேறு வழியில் போகும். புதுப் படகா, என்ஜினா, வலையா? வலை என்றால் எந்த மீனுக்கான வலை? இருக்கிற வலையை நீட்டுவதா, இல்லாத வலையைச் சேர்ப்பதா? கூப்பிடு தூரத்தில் மயிலாப்பூரில் இருப்பவருக்கு இது யாரோ ஒரு தொழில்காரரின் சில்லறைக் கவலையாகத் தோன்றலாம். சென்னைக் கரையோரத்தின் கடந்த இருபது ஆண்டுப் பொருளாதாரம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட தவறான பதில்களால் ஆனது என்பது என் கருத்து.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறு படகு வைத்துத் தொழில் செய்பவருக்குத் திடீரென வரும் பணம் வலைகளின் வகையைப் பெருக்கப் போவதே நல்லது. ஆனால் நிவாரணம் தரும் அரசு, உதவிக்கு வரும் தொண்டு நிறுவனம், முன்பணம் கொடுக்கும் வியாபாரி என்று எல்லோரும் அந்தப் பணத்தைப் படகின் பக்கமும் என்ஜினின் பக்கமும் தள்ளுகிறார்கள். தள்ளுவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் பெரும்பாலும் மீனவருடையவை அல்ல.

திடீர்ப் பணம் குப்பத்துக்கு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒன்று, நல்ல பாடு. அன்றைய பிடிப்பைத்தான் பாடு என்கிறார்கள். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. காசிமேட்டின் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் கரையோரச் சிறு படகுகள் கொண்டுவரும் மீனுக்கு விலை ஏறும். வழக்கமான பாடுதான், பணம் மட்டும் அதிகம். அபூர்வமாக வேறு மாதிரியும் நடக்கும். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஒரு மீனவர் படகில் கத்தாழை இனத்துக் கோல் மீன் நூற்றைம்பதுக்கு மேல் சிக்கியது. அதன் காற்றுப்பைக்கு வெளிநாட்டில் இருக்கும் மதிப்பால் பிடிப்பு 1.33 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. இரண்டாவது வழி, ஏலச்சீட்டு விழுவது. மூன்றாவது, அரசு தரும் தடைக்கால நிவாரணம். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதைக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தார்கள். நான்காவது, பேரிடர். 2004 சுனாமி, 2016 வர்தா, 2023 மிக்ஜாம். பெருந்தொகை வந்ததெல்லாம் இந்த நான்காவது வழியில்தான். அதை அதிர்ஷ்டம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்குப் பார்க்கும்போது அதுவும் மாத வரவுக்கு வெளியே வந்த ஒரு தொகைதான்.

கண்ணியின் அளவு

கரையில் தார்ப்பாயின் கீழ் குவிந்து கிடக்கும் வலைகள் வெளியாளுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பச்சை, நீலம், வெள்ளை என்று நிறம் மட்டும் மாறும். தொழில் தெரிந்தவர் முதலில் கண்ணியைப் பார்ப்பார். செவுள் வலையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. மீனின் தலை நுழைய வேண்டும், உடல் நுழையக் கூடாது, பின்வாங்கினால் செவுள் மாட்ட வேண்டும். கண்ணியைவிடச் சிறிய மீன் தப்பிப் போய்விடும். பெரிய மீன் முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஆக ஒவ்வொரு வலையும் குறிப்பிட்ட சில மீன்களுக்கு, அதுவும் அவற்றின் குறிப்பிட்ட வயதுக்கு மட்டுமே வைத்த பொறி.

கவலை மீன் வலைக்குச் சிறு கண்ணி. காணாங்கத்தைக்கு அதைவிடச் சற்றுப் பெரிது. வஞ்சிர வலையின் கண்ணி 100 மில்லிமீட்டரையும் தாண்டும். அது நீரின் மேல்மட்டத்தில் இரவில் மிதந்து போகும் வலை. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொள்ளும் என்பதால் அமாவாசையை ஒட்டிய நாட்களுக்குத்தான் அதற்கு மதிப்பு. நண்டு வலை இதற்கு நேர்மாறு. ஈயக்குண்டுகளின் கனத்தில் அடித்தரையில் நிற்கும். எறாவுக்கு டிஸ்கோ வலை என்று ஒன்று உண்டு. மூன்று அடுக்கு, வெளி அடுக்கு இரண்டும் பெரிய கண்ணி, நடு அடுக்கு சிறு கண்ணி. முட்டிக்கொண்டு போகும் எறா நடு அடுக்கைப் பெரிய கண்ணிக்குள் தள்ளித் தானே ஒரு பை செய்துகொண்டு அதில் விழும். மழைக்காலத்தில் அடையாற்று முகத்துவாரம் திறந்து எறா கடலுக்கு இறங்கும் நாட்களில் இந்த வலை இல்லாதவர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கிழங்காவுக்குத் தனி வலை, திருக்கைக்குத் தனி வலை. இவற்றுக்கு மேல் தூண்டில் வேறு.

எந்த வலையை என்றைக்குப் போடுவது என்பதைக் காற்றும் நீரோட்டமும் நீரின் நிறமும் முடிவு செய்கின்றன. வாடைக் காற்றில் வரும் மீன் கச்சான் காற்றில் வராது. அடையாற்றின் அக்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் இந்த அறிவை நுணுக்கமாக எடுத்துச் சொல்பவர். நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைப் படிக்கும்போது ஒன்று புரியும். இருபது வகைக் காற்றை அறிந்தவரிடம் இரண்டு வகை வலை மட்டும் இருந்தால் அந்த அறிவில் பெரும்பகுதி பயன்படாமலே போகும்.

துப்பாக்கி சேகரிப்பவர்களிடமும் இதே கேள்வி உண்டு. எதிர்பாராத பணம் வந்த ஒரு வேட்டைப் பிரியர், விலையுயர்ந்த ஒரே துப்பாக்கியை வாங்குவதா, ஒவ்வொரு இரைக்கும் ஒன்றாகப் பல வாங்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வது அமெரிக்காவில் சாதாரணம். இந்தியாவில் அந்த யோசனைக்குச் சட்டமே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி வரை அனுமதித்திருந்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. அதனால் நம் ஊரில் வேட்டைக் கருவிகளை வகை வகையாகச் சேர்த்து வைத்து, அவற்றை நம்பிப் பிழைக்கும் ஆட்களைத் தேடினால் கடற்கரைக்குத்தான் வர வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கிக்கு ஆண்டுகள் போனால் மதிப்பு ஏறலாம். வலை வெயிலில் நைந்துகொண்டே இருக்கும்.

நைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்தி நூல் காலத்தில் வலையைத் துவர்ப்புச் சாயத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் உலர்த்திப் பாதுகாத்தார்கள். மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களில் கோரமண்டல் கரையின் மீன்பிடி முறைகளை விவரித்து எழுதியபோது கண்டது அந்த வலைகளைத்தான். நைலான் வந்ததும் வலை மக்குவது நின்றது. பிறகு தங்கூசி வலை வந்தது. ஒற்றை இழை, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, பாடு அதிகம். ஆனால் அறுந்தால் தைத்து எடுப்பது கஷ்டம், ஆயுளும் குறைவு. பேத்தை மீன் கடித்துக் குதறும், சொறி எனும் ஜெல்லிமீன் வந்து அடைத்துக்கொள்ளும். இரவில் மிதக்கவிட்ட வலையை விசைப்படகு ஏறி அறுத்துக்கொண்டு போனால் காலையில் கையில் மிஞ்சுவது சில மிதவைகள்தான். நட்ட ஈடு கேட்க அந்தப் படகின் எண் இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வந்த பணம் முழுவதையும் ஒரே நீளமான வஞ்சிர வலையில் போட்டவருக்கு அது ஒரே இரவில் போய்விடக்கூடிய பணம். அதையே நான்கு வகை வலைகளாகப் பிரித்து வைத்திருந்தால் ஒன்று போனாலும் மூன்று மிச்சம். பங்குச் சந்தைக்காரர்கள் புத்தகம் போட்டுச் சொல்லும் விஷயத்தைக் கரையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலைக்கு இன்னொரு நல்ல குணமும் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக வாங்கலாம். துண்டுகளை முனைக்கு முனை கட்டி நீட்டிக்கொண்டே போகலாம். கையில் 8,000 ரூபாய் வந்தால் அதற்கு ஏற்ற வலை வாங்க முடியும், 80,000 வந்தாலும் முடியும். பாதி என்ஜின் வாங்க முடியுமா? முக்கால் படகு வாங்க முடியுமா? சிறு தொகை படகாக மாற வேண்டுமானால் அதோடு ஒரு பெருங்கடனும் சேர்ந்தாக வேண்டும். கரையில் கடன் என்பது வங்கி என்பதைவிடப் பெரும்பாலும் ஏலம் எடுப்பவரின் முன்பணம்தான். முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே, அவர் கழிவு பிடித்ததுபோக, விற்றாக வேண்டும். திடீர்ப் பணம் இப்படித்தான் ஒருவரைக் கடனாளியாக்கிவிடுகிறது.

பங்கு முறையும் இதோடு சேர்ந்தது. கடலுக்குப் போய்வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியைப் பங்கு பிரிக்கிறார்கள். ஆளுக்குப் பங்கு உண்டு, படகுக்கும் என்ஜினுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வலைக்குத் தனிப் பங்கு உண்டு என்பதுதான் இங்கே முக்கியம். படகு இல்லாத ஒரு கூலியாள் சில துண்டு வலை வாங்கிவிட்டால் அடுத்த நாளிலிருந்தே அவருக்கு ஆள் பங்கோடு வலைப் பங்கும் வரும். கட்டுமரக் காலத்தில் ஒரு மரத்தில் ஏறும் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் வலை கொண்டுவந்து கட்டிச் சேர்த்துப் போட்டதும் உண்டு. தொழிலாளி முதலாளியாவதற்குக் குப்பத்தில் இருக்கும் முதல் படிக்கட்டு வலைதான். உதவி என்று வந்தவர்கள் அந்தப் படியைத் தாண்டி நேராக மாடியைக் கட்டிக் கொடுத்தார்கள்.

சுனாமி கொடுத்த படகுகள்

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு அறிவித்த நிவாரணத்தில் முழுவதும் சேதமான கட்டுமரத்துக்கு வலை உட்பட 32,000 ரூபாய், வல்லத்துக்கு 75,000 ரூபாய். அரசுப் பணம் கணக்காகத்தான் வந்தது. பெருவெள்ளமாக வந்தது தொண்டு நிறுவனங்களின் பணம். உலகம் முழுவதும் மக்கள் நெகிழ்ந்து கொடுத்த நன்கொடையைக் குறித்த காலத்துக்குள் செலவழித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருந்தது. செலவழித்ததைக் காட்டப் படகைப் போல வசதியான பொருள் வேறு இல்லை. வரிசையாக நிறுத்தலாம், பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரை எழுதலாம், மாலை போட்டுப் படம் எடுக்கலாம். வலைக் குவியலைப் படம் எடுத்தால் அது குப்பைபோல இருக்கும்.

கரை நெடுகப் பைபர் படகுக் கொட்டகைகள் முளைத்தன. கட்டுமரம் வைத்திருந்தவருக்கும் பைபர் படகு கிடைத்தது, எதுவும் இல்லாதவருக்கும் கிடைத்தது. சில இடங்களில் நான்கைந்து பேருக்குச் சேர்த்து ஒன்று கொடுத்தார்கள். அதில் யார் தலைவர் என்ற சண்டை பாடு கிடைப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். தரமில்லாத படகுகளும் வந்தன. என்ஜின் இல்லாமல் வந்தவை உண்டு, போதிய வலை இல்லாமலோ அந்தக் கடலுக்கு ஒத்துவராத வலையுடனோ வந்தவையும் உண்டு. ஒவ்வொருவரும் படகுக்காரரானதால் படகில் ஏற ஆள் கிடைக்காமல் போனது. சென்னையில் அலுவலகம் கொண்ட மீன்தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டு அமைப்பு ஐ.சி.எஸ்.எஃப். 2007 ஜனவரியில் இங்கே கூட்டிய பயிலரங்கில் இந்த அளவுமீறிய படகுப் பெருக்கம் ஒரு முக்கியமான விவாதப் பொருள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2010-இலும் எடுத்த கணக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் என்ஜின் இல்லாத கலங்களின் எண்ணிக்கை அந்த ஐந்தே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பது தெரியும். கட்டுமரம் அப்படித்தான் கரையேறியது. என்ஜின் மெல்ல மெல்ல வந்திருக்க வேண்டிய மாற்றம்தான். அது ஒரே மூச்சில் வந்தது, எண்ணெய்ச் செலவையும் கூடவே கொண்டுவந்தது.

பைபர் படகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுமரத்தில் நாள் முழுக்க நனைந்துகொண்டு துடுப்புப் போட்ட உடல் வலியை அனுபவித்தவரிடம் பழைய கலத்தின் பெருமை பேசுவது அராஜகம். படகும் என்ஜினும் தேவைதான். ஆனால் அவை மீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். மீனைப் பிடிப்பது வலை. ஒரு படகிலிருந்து இரண்டாவது படகுக்குப் போவதும், 10 குதிரைத் திறனிலிருந்து இன்னும் பெரிய என்ஜினுக்குப் போவதும் வேறு கணக்கு. என்ஜின் பெரிதானால் அன்றாட எண்ணெய்ச் செலவு கூடும். பாடு இல்லாத நாளிலும் அது குடித்துக்கொண்டுதான் இருக்கும். அரசு விற்பனை வரி விலக்கோடு தரும் டீசலை 2023-இல் இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராக உயர்த்தியது. பயனுள்ள உதவிதான். ஆனால் ஆண்டுதோறும் எண்ணெய்க்கு ஒரு திட்டம் இருக்கும்போது வலைக்கு அப்படி ஒன்று இல்லாததையும் கவனிக்க வேண்டும். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் மீன்வளத் திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்கான உதவியில் வலையும் இருக்கிறது. ஆனால் மாற்றுப் படகோடு கட்டிய மூட்டையாகவே வருகிறது.

திடீர்ப் பணத்தை மனிதர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதைப் பொருளியல் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. ஜெர்மனி தந்த இழப்பீட்டுத் தொகையை இஸ்ரேலியக் குடும்பங்கள் செலவழித்த விதத்தை மைக்கேல் லாண்ட்ஸ்பெர்கர் 1966-இல் ஆராய்ந்து வெளியிட்டார். சிறு தொகை பெற்றவர்கள் பெற்றதைவிடக் கூடுதலாகவே செலவழித்தார்கள். பெருந்தொகை பெற்றவர்கள் கால் பங்குக்கும் குறைவாகவே செலவழித்தார்கள். பணம் எந்த வழியில் வந்தது, எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்து மனத்துக்குள் அதற்கு வேறு வேறு பெட்டி ஒதுக்குகிறோம் என்பதை ரிச்சர்ட் தாலர் ஒரு கோட்பாடாகவே வளர்த்து 2017-இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த ஆய்வுகளைக் குப்பத்துக்குப் பொருத்திப் பார்த்தால் சுவையான ஒன்று தெரிகிறது. பெருந்தொகையை மனிதர்கள் பொறுமையாக, யோசித்துத்தான் கையாள்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்காரருக்குக் கிடைக்காமல் போனது அந்த யோசிக்கும் வாய்ப்புதான். பணம் அவர் கையில் பெரும்பாலும் பணமாக வரவில்லை. யாரோ முடிவு செய்த ஒரு பொருளாக வந்தது.

பணமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பகுதி குடியில் போயிருக்கும் என்று உடனே சொல்வார்கள். கொஞ்சம் போயிருக்கலாம். ஆனால் பெரும்பகுதி முதலில் அடகுக் கடைக்குத்தான் போயிருக்கும், நகையை மீட்க. குப்பத்தில் மனைவியின் நகை ஒரு வங்கி. பாடு இல்லாத மாதத்தில் அடகுக்குப் போகும், நல்ல பருவத்தில் வீடு திரும்பும், வலை வாங்க மறுபடி போகும். அந்த நகையை மீட்டு வைப்பதும் வலை வாங்குவதற்குச் சமம்தான். அடுத்த பருவம் எந்த மீன் வருகிறது என்று தெரிந்தபின் அதற்கேற்ற வலைக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். வெளியே இருந்து பார்த்தவர்கள் இதை வீண் செலவு என்று எழுதி வைத்தார்கள்.

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023 டிசம்பரில் நிவாரண அளவுகள் உயர்ந்தன. முழுவதும் சேதமான கட்டுமரத்துக்கு 32,000-லிருந்து 50,000, வல்லத்துக்கு 75,000-லிருந்து 1 லட்சம், விசைப்படகுக்கான உச்ச மானியம் 5 லட்சத்திலிருந்து 7.5 லட்சம், வலைக்கு 10,000-லிருந்து 15,000. நல்ல உயர்வுதான். இந்தப் பட்டியலில் கலங்களுக்குக் கட்டுமரம், வல்லம், விசைப்படகு என்று வகை உண்டு. வலைக்கு வகையே இல்லை. கவலை வலையும் வஞ்சிர வலையும் டிஸ்கோ வலையும் ஒரே ‘சேதமடைந்த வலை’. இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. படகுக்குப் பதிவு எண் இருக்கிறது, வங்கி அதை ஈடாக ஏற்கிறது, அதிகாரி வந்து எண்ணிப் பார்க்கலாம். வலைக்கு எண் கிடையாது. அரசு எண்ணக்கூடியதை மட்டுமே அரசு பார்க்கிறது.

எல்லா வலையும் நல்ல வலையல்ல

வலை வகையைப் பெருக்குவது என்றால் எதையும் வாங்கிப் போடலாம் என்று பொருளல்ல. சுருக்குமடி கூட ஒரு வலைதான். ஒரு மீன்கூட்டத்தை முழுதாகச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளிவிடும். பெரும்பணம் கேட்கும், பெரும்பணம் தரும். தமிழ்நாடு அதை 2000-இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் மாநிலக் கடல் எல்லைக்கு அப்பால் மட்டும், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. செவுள் வலைக்காரர் ஒரு கூட்டத்தில் தனக்கு அளவான மீனை எடுப்பார். சுருக்குமடி கூட்டத்தையே எடுத்துவிடும். ஒருவருடைய திடீர்ப் பணம் பத்துப் பேரின் அன்றாடப் பாட்டைக் கெடுக்கும் இடம் இது.

இதை முதலில் உணர்ந்தது சட்டமன்றம் அல்ல. சில வலைகள் ஊருக்கு ஆகாது என்று கோரமண்டல் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் தாங்களாகவே தடை விதித்து, மீறியவர்களைத் தண்டித்திருக்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர் மார்டன் பாவிங்க் 1990-களில் இந்தக் கரையில் தங்கி அதை விரிவாக ஆராய்ந்து 2001-இல் நூலாக வெளியிட்டார். கையில் பணம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் எந்த வலையையும் வாங்கிவிட முடியாது; ஊர் கேட்கும். கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்து கரையிலிருந்து மூன்று கடல் மைலைச் சிறு மீனவருக்கு ஒதுக்கியதற்கும் முந்தைய மரபு இது. ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமில்லை என்பது உட்படப் பல குறைகள் உண்டு. ஆனால் இந்த ஒரு வேலையை அவை எந்தத் துறையையும்விட நன்றாகவே செய்தன.

ஆமைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிட வரும் கரை இது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கரைக்கு அருகே இழுவை மடி இழுத்த விசைப்படகுகள் மேல்தான் முதல் குற்றச்சாட்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் திருக்கை வலை போன்ற பெருங்கண்ணி வலைகளிலும் ஆமை சிக்கி மூச்சு முட்டிச் சாகும். நொச்சிக்குப்பத்தில் திடீர்ப் பணம் கிடைத்த ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், அந்த மாதங்களில் பெருங்கண்ணி வலையை விட்டுவிட்டு எறா வலைக்கும் நண்டு வலைக்கும் போகலாம் என்பேன். கேட்பாரா என்பது வேறு விஷயம்.

இடம்

பல வகை வலை வைத்திருக்கப் பணம் மட்டும் போதாது. விரிக்க, உலர்த்த, சிக்கெடுக்க, தைக்க, பருவம் முடியும்வரை எலி கடிக்காமல் வைக்க இடம் வேண்டும். குடிசைமாற்று வாரிய அடுக்குமாடியின் சிறு வீட்டுக்குள் ஒரு வஞ்சிர வலையைக்கூட வைக்க முடியாது. வலையின் வீடு மணல்தான். அந்த மணல் யாருடையது என்பதுதான் மெரினாவின் நீண்ட வழக்கு. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முயன்றபோது மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன்கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது, குப்பங்கள் சாலையில் இறங்கின. 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. மீன் விற்கும் பெண்களுக்குக் கூரையும் தண்ணீரும் கிடைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் திடீர்ப் பணத்தின் தேவை உண்டு. வலைக்காரருக்கு வலை எப்படியோ அப்படி அவர்களுக்குக் காலை ஏலத்தில் கூடை எடுக்கக் கைமுதல். வீட்டில் ஒரு தொகை வரும்போது அந்தக் கைமுதலுக்கு எதுவும் ஒதுக்காமல் முழுவதும் என்ஜினுக்குப் போவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

விற்பதற்கு இடம் கிடைத்துவிட்டது. வலைக்கு? மீன் இறங்குதளங்களில் ‘வலை பின்னும் கூடம்’ கட்டுவது மீன்வளத் துறைக்குப் புதிதல்ல. நொச்சிக்குப்பத்துக்கு அப்படிப் போதுமான கூடங்களும், பூட்டி வைக்க அறைகளும் வேண்டும். அவற்றைச் சாலைக்கு அந்தப் பக்கம் கட்டினால் பயனில்லை. படகுக்குப் பக்கத்தில் வேண்டும்.

துறைக்கு இன்னொரு வேண்டுகோள். அடுத்த புயல் வரத்தான் போகிறது. அப்போது வலைக்கான நிவாரணத்தைக் கலத்திலிருந்து பிரித்து, வகையும் துண்டுக் கணக்கும் பார்த்துக் கொடுங்கள். கணக்கெடுக்க ஊர்ப் பஞ்சாயத்தையும் பெண்கள் குழுக்களையும் சேர்த்துக்கொண்டால் யாரிடம் என்ன வலை இருந்தது என்பது ஒரு பகலில் தெரிந்துவிடும். வாங்க வேண்டிய வலையை வாங்குபவரே முடிவு செய்யட்டும்.

வாசகருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வஞ்சிரமும் வவ்வாலும் மட்டுமே மீன் என்று நினைக்கும் நகரம், கரையில் இருப்பவரை அந்த இரண்டு வலைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. லூப் சாலை அங்காடிக்கு அடுத்த முறை போகும்போது அன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். கவலையோ, கிழங்காவோ, காணாங்கத்தையோ, எது வந்திருக்கிறதோ அதை வாங்குங்கள்.